பெட்டிக்கு மணி கட்டின பேரனுக்கு

ஏலே பேராண்டி, சூட்கேஸு மேலயே உக்காந்துக்கிட்டு, அந்த சூட்கேஸு எங்க இருக்குன்னு போன்ல தேடுத ஒரே ஆளு இந்தத் தாமிரபரணிக் கரையில நீ ஒருத்தன்தாம்லே. காலையில இருந்து நானும் திண்ணையில இருந்து பாக்கேன். மேப்பைத் திறக்க, மூடுத, மறுபடி திறக்க. அதுவும் சளைக்காம ‘வீடு, வீடு’ன்னே சொல்லுது. வீட்டுல கெடக்க பெட்டி வீட்டுலதான் கெடக்குன்னு சொல்லுததுக்கு ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 3,000 ரூவா. உங்க ஆச்சிகிட்ட கேட்டிருந்தா ஒரு வெத்தலைச் செலவோட முடிஞ்சிருக்கும்.

சரி, வாங்கியாச்சு. நாலு சேந்த டப்பா. குத்தம் சொல்லல, வாங்கினது நல்லதுதான். வாங்கின சாமானைப் பத்தி உன் மண்டையில ஒரு நெனப்பு இருக்கு பாரு, அதை மட்டும் கொஞ்சம் எறக்கி வச்சுட்டுப் போ. அதுக்கும் சேத்து எக்ஸ்ட்ரா லக்கேஜுன்னு காசு கேக்கப் போறான்.

வானத்துல சாட்டிலைட்டு ஒண்ணு உன் பெட்டியவே உத்துப் பாத்துக்கிட்டு இருக்குன்னுதானே டீக்கடையில சொன்ன? நாலு பேரு வாயப் பொளந்து கேட்டானுவ. நானும் கேட்டுக்கிட்டேன், சபையில பேரனைக் கொறச்சுப் பேசக் கூடாதுல்லா. அந்தச் சில்லுக்குள்ள ஜி.பி.எஸ். கெடையாதுலே. இருக்கது ஒரு ப்ளூடூத்து, கிட்டத்துல வந்த பெறவு தேடிப் பிடிக்க இன்னொரு சிப்பு, ஒரு குட்டி ஸ்பீக்கரு, ஒரு பட்டன் பேட்டரி. 2021 ஏப்ரல்ல ஆப்பிள்காரன் ஏர்டேக்குன்னு இதை விட்டப்பவே கணக்கு இம்புட்டுதான். ‘இங்கன கெடக்கேன், இங்கன கெடக்கேன்’னு அது பாட்டுக்கு முனங்கிக்கிட்டே கெடக்கும். எவனாவது ஐபோனோட பக்கத்துல போனாம்னா, அந்தப் போன் முனகலைக் கேட்டு, தான் நிக்க இடத்தையும் சேத்து ஆப்பிளுக்கு அனுப்பிரும். போன்காரனுக்கு அது தெரியவே தெரியாது. பூட்டுப் போட்டு அனுப்புததால ஆப்பிள்காரனும் படிக்க முடியாது. சாவி உன் போன்ல இருக்கு.

மலையடிவாரத்துக்கு மேய்ச்சலுக்குப் போற மாட்டுக்கு மணி கட்டுவோம்லா, அதே கதைதான். மணி எந்தக் காலத்துலயும் மாட்டை வீட்டுக்குக் கூட்டியாந்தது இல்ல. எந்தப் பக்கம் நிக்குன்னு மட்டும் சொல்லும். அதுவும் கேக்கக் காது இருந்தாத்தான். உன் பெட்டி மணிக்குக் காது, அடுத்தவன் சட்டைப் பையில இருக்க ஐபோன்.

இப்ப யோசிச்சுப் பாரு. திருவனந்தபுரத்துல உன் பெட்டியைத் தூக்கி டிராலியில போடுத பயலுவ எத்தனை பேரு ஐபோன் வச்சிருப்பான்? நம்ம கீழத்தெருப் பையன் ஒருத்தன் ஒரு ஏர்போர்ட்டுல லோடிங்குதான் பாக்கான். அவன் வச்சிருக்கது இ.எம்.ஐ.-யில எடுத்த ஆண்ட்ராய்டு, அதுவும் கண்ணாடி நொறுங்கினது. அவன் உன் பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாலும் ஏர்டேக் அவன்கிட்ட வாயே தொறக்காது. டொரண்டோவுல எறங்கின பெறவு பாரு, ஆளுக்கு ஆள் ஐபோன், நிமிசத்துக்கு நிமிசம் சேதி வரும். அதனால இங்கன கொஞ்ச நேரம் ஊமையாக் கெடந்தா பெட்டி போச்சுன்னு அர்த்தம் இல்ல. காதுள்ள ஆளு பக்கத்துல இல்லன்னு அர்த்தம்.

உன் வீட்டுக்காரிகிட்ட இருக்கது ஆண்ட்ராய்டு. அதுக்கும் வழி உண்டு. கூகுள்காரனும் 2024 ஏப்ரல்ல, மொதல்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும், இப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினான். இப்ப அதுக்கு ‘ஃபைண்ட் ஹப்’னு பேரு. அதுக்குன்னு வேற டேக் இருக்கு, உன் ஏர்டேக் அதுல சேராது. அதுல நாம எதையும் மாத்தலன்னா, ஆள் நடமாட்டம் ஜாஸ்தியா உள்ள இடத்துல பல போன் சேந்து பாத்தாத்தான் இடத்தைச் சொல்லும். ஏர்போர்ட்டுக்கு அது போதும்.

நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியும். ஆடி கழிஞ்சு அவ தனியா வரும்போது, உன் டேக்ல ஒண்ணை அவ பெட்டியில சொல்லாமக் கொள்ளாமப் போட்டு வைக்கப் போற. ‘பத்திரத்துக்குத்தான் தாத்தா’ம்ப. லேய், உன் போன் பக்கத்துல இல்லாம உன் டேக் மட்டும் அவகூடவே போச்சுன்னா, ‘யாரோ ஒருத்தரோட டேக் உங்க கூடவே வருது’ன்னு அவ போன்ல எச்சரிக்கை வரும். பொம்பளைப் புள்ளைய வேவு பாக்க இதைப் போட்டவனுவ உண்டு. அதனாலதான் 2024 மே மாசம் ஆப்பிளும் கூகுளும் சேந்தே இந்த ஏற்பாட்டைக் கொண்டாந்தான். ரொம்ப நேரம் உன்னை விட்டுப் பிரிஞ்சு கெடந்தா, அசைக்கும்போது டேக்கே கீச்சுன்னு கத்தவும் செய்யும். கல்யாணம் ஆகி ஒரு வருசம் முடியல. உங்க மாமனாரு எனக்குத்தான் போன் போடுவாரு. மொதல்லயே அவகிட்ட சொல்லிட்டுப் போடு.

பிளைட்டுல ஏறி உக்காந்ததும் மேப்பைத் திறப்ப. பெட்டி இன்னும் டெர்மினல்லயே இருக்குன்னு காட்டும். உடனே பெல்லை அமுக்கி அந்தப் பொண்ணைக் கூப்புடுவ. கூப்புடாத. இடத்துக்குக் கீழ பொடி எழுத்துல எப்பப் பாத்ததுன்னு நேரம் போட்டிருப்பான், அதைப் படி. ‘40 நிமிசம் முன்னால’ன்னு இருந்தா, 40 நிமிசத்துக்கு முன்னால அது அங்கன கெடந்துச்சு, அம்புட்டுதான். அதுக்கப்புறம் அலுமினியக் கன்டெய்னர்ல அடைச்சு வயித்துக்குள்ள ஏத்தியிருப்பான். நீயும் கெத்துக்கு அலுமினியத்துலயே பெட்டி வாங்கியிருந்தா அது ஒரு சொவரு, கன்டெய்னர் இன்னொரு சொவரு. நடுவானத்துல மேல சீட்டுல இருக்கவன் போன் எப்பவாவது கேக்கலாம், கேக்காமலும் போகலாம். பெட்டி வரலன்னு நீ சொன்னதுக்காக பைலட்டு கீழ எறங்கிப் போயித் தூக்கியாரப் போறது இல்ல.

இன்னொரு வேடிக்கை கேளு. 2022-ல கொரோனாவுக்குப் பெறவு உலகமே ஒரே நேரத்துல ஊர் சுத்தக் கெளம்பிச்சு. ஏர்போர்ட்டுல வேலைக்கு ஆள் இல்ல. லண்டன் ஹீத்ரோவுல பெட்டியெல்லாம் தரையில குவிஞ்சு கெடந்த போட்டோவைப் பேப்பர்ல பாத்திருப்ப. ஒரு நாளைக்கு 1,00,000 பேருக்கு மேல இங்கருந்து கெளம்பக் கூடாதுன்னு ஏர்போர்ட்டே கையத் தூக்கிருச்சு. அந்த ஜூலையில டெல்டா கம்பெனி ஒரு பிளைட்டை ஹீத்ரோவுல இருந்து டெட்ராய்ட்டுக்கு ஓட்டிச்சு. உள்ள பயணி ஒருத்தன் கூட இல்ல, 1,000 பெட்டி மட்டும் சொகுசாப் போச்சு. அந்தக் கோடையிலதான் ஊர்ப்பட்ட பேரு டேக்கை வாங்கிப் பெட்டியில போட்டான். ‘தேடிக்கிட்டு இருக்கோம் சார்’னு கவுன்ட்டர்ல சொன்னா, ‘தேட வேண்டாம், இன்ன டெர்மினல்ல கெடக்கு’ன்னு இவன் போனை நீட்டினான்.

அந்த வருசமே அக்டோபர்ல ஜெர்மனி ஏர்லைன் லுஃப்தான்சாவுக்கு ஒரு சந்தேகம் வந்துட்டு. லக்கேஜுல ஏர்டேக் வச்சா ஆபத்து, ஓடிக்கிட்டு இருக்கதை வைக்கக் கூடாதுன்னு சொன்னான். ஆபத்து பிளைட்டுக்கா, கவுன்ட்டருக்கான்னு ஊருல கேலி பேசிக்கிட்டான். நான் பேசல. ஜெர்மனி விமானத் துறையே அதைப் பாத்து, இம்புட்டுச் சின்ன பேட்டரியால பாதுகாப்புக்கு ஒரு கேடும் இல்லன்னு சொல்லிட்டு. நாலைஞ்சு நாள்ல லுஃப்தான்சாவும் சரின்னு எறங்கி வந்துட்டான். அதுல போடுதது சி.ஆர். 2032 பட்டன் செல்லு. உள்ள இருக்க லித்தியம் ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு. இந்த மாதிரி டேக்குக்குச் சட்டம் விடுதது 0.3 கிராம் வரை. அதனால எவனாவது கேட்டா மெரளாத. ஆனா அந்தத் தைரியத்துல பவர் பேங்கைக் கொண்டு போயி அதே பெட்டியில சொருகிராத. அது கைப்பையில மட்டும்தான் வரணும். செக்-இன்ல போட்டா பெட்டியத் தனியா எடுத்து வச்சு உன்னைக் கூப்பிடுவான். ஆச்சி கட்டின முறுக்கு, பருப்புப்பொடி எல்லாத்தையும் அங்கன கடை விரிக்க வேண்டியதுதான்.

பேட்டரி மாத்தும்போது ஒரு சங்கதி. கொழந்தைங்க முழுங்கிரக் கூடாதுன்னு சில பட்டன் செல்லுல கசப்பு மருந்து பூசியிருப்பான். நல்ல காரியம்தான். அந்தப் பூச்சு சிலதுல கரெண்டு ஓடுத எடத்தை மறிச்சு டேக்கு வேலை செய்யாமப் போயிரும். ஆப்பிள்காரனே அதைச் சொல்லியிருக்கான். பயணத்துக்கு மொத நாள் மாத்திட்டு, ஓடுதான்னு பாத்துக்கோ. நக்கிப் பாக்காத.

பெட்டி எங்க தொலையுதுன்னு உனக்குத் தெரியுமா? நீ பயப்படுத எடத்துல இல்ல. சீட்டான்னு ஒரு கம்பெனி வருசா வருசம் கணக்கு எடுக்கான். 2024-ல 1,000 பயணிக்கு 6.3 பெட்டி தடுமாறியிருக்கு. 2007-ல இது 19-ஐ ஒட்டி இருந்துச்சு, அதனால காலம் நல்லாத்தான் போவுது. தடுமாறினதுல 41 சதவீதம் ஒரு பிளைட்டுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துத எடத்துலதான். இப்ப உன் டிக்கெட்டை எடு. துபாய்ல எம்புட்டு நேரம்? ஒன்றரை மணி. ஏன்? நாலு மணி நேரம் கழிச்சு இருந்த பிளைட்டு கொஞ்சம் ரூவா கூடன்னு இதைப் போட்ட. நீ ஓடிருவ, எளவட்டம். 23 கிலோ பெட்டிக்குக் கால் இல்லையே. மிச்சம் புடிச்ச காசை டேக்குல போட்டு, பெட்டி துபாய்ல தங்கினதைத் துல்லியமாப் பாக்கப் போற.

எனக்குக் கேட்டா இந்தச் சில்லை விட, கவுன்ட்டர்ல ஒட்டுத காகித டேக்குதான் பெரிய ஆளு. அதுல பத்து இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். 2018 ஜூன்ல இருந்து, பெட்டியை வாங்குத எடம், பிளைட்டுல ஏத்துத எடம், கை மாத்துத எடம், திருப்பிக் குடுக்குத எடம்னு நாலு இடத்துலயும் கணக்கு வைக்கணும்னு ஏர்லைன்காரங்க சங்கமான ஐயாட்டா விதி போட்டிருக்கான். கம்பெனிக்காரன் பெட்டியத் தேடுதது அந்த நம்பரை வச்சுத்தான், உன் மேப்பை வச்சு இல்ல. அதனால கவுன்ட்டர்ல அந்தப் புள்ள ஒட்டும்போது போன் நோண்டாம எட்டிப் பாரு. பெருசா மூணு எழுத்து போட்டிருக்கும். டொரண்டோன்னா ஒய்.ஒய்.இசட். வேற எதாவது இருந்தா அங்கனயே கேளு. பெறவு போன தடவை ஒட்டின சிங்கப்பூர் ஸ்டிக்கரு, அதுக்கு முந்தின சென்னை ஸ்டிக்கரு எல்லாத்தையும் பெட்டியில பதக்கமா வச்சிருக்கியே, அதைக் கிழி. பெட்டி ஓடுத வழியில மெசினு பார்கோடைத்தான் படிக்கு. பழசையும் புதுசையும் சேத்துப் படிச்சா அதுக்கே கொழப்பம் வரும். ஊருக்குப் போயிட்டு வந்தது தெரியணும்னா வாயால சொல்லு, அதுல உனக்குக் கொறை இல்ல.

டேக்கை வெளியில கைப்பிடியில சங்கிலி போட்டுத் தொங்க விட்டிருக்க. திருடுதவன் கண்ணுல படணும்னா? மொதல்ல அதைத்தான் அறுத்துப் போடுவான். உள் துணிக்கு அடியில தச்சு வை, ஜிப்புக்கு ரொம்பத் தள்ளி. 2022-ல அமெரிக்காவுல புளோரிடா பக்கம் ஒரு அம்மாவோட பெட்டி வரல. உள்ள டேக் இருந்துச்சு, ஒரு தெருவைக் காட்டிக் கொடுத்துட்டு. ஒகலூசா ஷெரீப் ஆபீஸுக்காரன், அந்தத் தெருவுக்குப் பக்கத்துல குடியிருக்க ஏர்போர்ட்டு ஆளு யாருன்னு பாத்தான். சிக்கினான் ஒருத்தன். அவன் வீட்டுல வேற ஒருத்தரோட நகையும் கெடந்துச்சு. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல போயிக் கதவைத் தட்டினது போலீசு. மேப்பு எவன் வீட்டையாவது காட்டினா நீ பாட்டுக்குப் போயி நின்னுராத. பக்கத்து வீடாக்கூட இருக்கும், அது கொஞ்சம் இங்கன அங்கன காட்டும்.

சரி, பெல்ட்டு சுத்துது, எல்லாரு பெட்டியும் வந்துட்டு, உன்னுது வரல. டேக்கு துபாயைக் காட்டுது. இதுலதாம்லே இந்தச் சில்லு தின்ன சோத்துக்கு வேலை செய்யுது. மத்தவன் எல்லாம் இன்னும் வரும் இன்னும் வரும்னு பெல்ட்டையே பாத்துக்கிட்டு நிக்கும்போது, நீ மொத ஆளாக் கவுன்ட்டருக்குப் போயிரலாம். வெளியில வந்துராத, ஹாலுக்குள்ள இருக்கும்போதே புகார் எழுதிக் கொடு. பி.ஐ.ஆர்.-னு சொல்லுவான். போர்டிங் பாஸுல ஒட்டிக் குடுத்த லக்கேஜ் ரசீதைக் காட்டு. ரசீதை எங்க வச்சன்னு இப்பவே யோசி, ஏன்னா உனக்கு ஒரு டேக்கு ரசீதுக்கும் வேணும் போல இருக்கு. எழுத்தும் நம்பருமா ஒரு புகார் எண் குடுப்பான், அதைப் போட்டோ எடுத்துக்கோ. பெட்டியையும் கெளம்பும்போதே போட்டோ எடுத்து வை. ‘கறுப்பு சூட்கேஸு, சக்கரம் உண்டு’ன்னு சொன்னா அங்கன குவிஞ்சு கெடக்க பாதிப் பெட்டி அதுதான்.

2024 டிசம்பர்ல வந்த ஐ.ஓ.எஸ். 18.2-ல இருந்து, டேக்கு இருக்க இடத்தை ஒரு லிங்காக்கி ஏர்லைன்காரனுக்கே அனுப்பலாம். பெட்டி கைக்கு வந்ததும் லிங்கு தானா அடங்கிரும், வரலன்னாலும் 7 நாள்ல செத்துரும். எல்லாக் கம்பெனியும் வாங்க மாட்டான். உன் கம்பெனி வாங்குமான்னு இப்பவே பாத்து வை, இல்லைன்னா போனைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கிட்டு நிக்கணும். ஆட்டுததும் மரியாதையா ஆட்டு. எதிர்ல உக்காந்திருக்க புள்ளை உன் பெட்டியத் தொலைக்கல. நீ வாரதுக்கு முன்னால நூறு பேரு அதுகிட்ட கத்திட்டுப் போயிருப்பான்.

மேப்புல பெட்டி நகருது நகருதுன்னு பாத்துக்கிட்டே நாளைக் கடத்தாத, எழுத்துல கொடுக்கதுக்குக் கெடு இருக்கு. 1999-ல மாண்ட்ரியல்ல போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவும் கனடாவும் இருக்கு. பெட்டி ஒடைஞ்சு வந்தா 7 நாளைக்குள்ள எழுதணும். தாமதமா வந்தா, கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளைக்குள்ள. 21 நாள் ஆயும் வரவே இல்லன்னா தொலைஞ்சதா வச்சு நஷ்ட ஈடு கேக்கலாம். 2024 டிசம்பர் 28-ல இருந்து ஒரு ஆளுக்கு உச்சம் 1,519 எஸ்.டி.ஆர்.-னு ஒரு சர்வதேசக் கணக்கு, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். உச்சம்னுதான் சொன்னேன், மொய் மாதிரி கையில வச்சு அமுக்க மாட்டான். உள்ள என்ன இருந்துச்சு, என்ன வெலைன்னு நீ சொல்லணும். அதனால உன் வீட்டுக்காரியோட நகையை அவ கைப்பையில போடச் சொல்லு. ஆச்சி நார்த்தங்காய் ஊறுகாய்க்கு என்ன வெலை போடுவன்னு எனக்குத் தெரியல, பில்லு கேப்பான்.

கேக்க ஆளே இல்லாமப் போற பெட்டியும் உண்டு. அமெரிக்காவுல அலபாமா மாகாணத்துல ஸ்காட்ஸ்பரோன்னு ஒரு ஊரு. 1970-ல இருந்து அங்க ஒரு கடை நடக்கு. ஏர்லைன்காரன் மூணு மாசம் போலத் தேடியும் ஆள் கெடைக்காத பெட்டியை மொத்தமா வெலைக்கு வாங்கி, பிரிச்சு, சட்டை துணிமணின்னு தனித்தனியா விக்கான். சனங்க பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போகுது. பெட்டிக்குள்ளயும் ஒரு தாளுல பேரு, போன் நம்பர் எழுதிப் போடுன்னு நான் சொன்னா ‘பழைய காலத்து ஆளு’ம்ப. மார்க்கர் பேனாவால பேரு எழுதி, கயிறு கட்டி, அந்தக் காலத்துல அட்டைப் பெட்டியோட வளைகுடாவுல இருந்து வந்த நம்ம ஊருக்காரன் எத்தனை பேரு. வெளியில டேக்கு கிழிஞ்சு போனா, உள்ள இருக்க அந்தத் தாளுதான் பேசும். அதுக்கு பேட்டரியும் வேண்டாம்.

கெளம்பு, நேரமாச்சு. நெல்லையில இருந்து திருவனந்தபுரம் போறதுக்குள்ள ரோட்டு வேலை எங்கெங்க நடக்கோ. ஆமா, நாலு டேக்குல உனக்கு ரெண்டு, அவளுக்கு ஒண்ணு. நாலாவதை இங்கன வச்சுட்டுப் போ. எதுக்கா? எதிர்வீட்டுக்காரன் தேங்காய் பறிக்கணும்னு நம்ம மூங்கில் ஏணியை வாங்கிட்டுப் போயி எத்தனை மாசம் ஆச்சு. கேட்டா ‘அன்னைக்கே குடுத்துட்டேனே அண்ணாச்சி’ங்கான். நாளைக்கு ஒரு சாக்குச் சொல்லி அவன் கொல்லைக்குள்ள போறேன். ஏணி கண்ணுல பட்டா மூங்கில் பொந்துக்குள்ள இதைச் சொருகிட்டு வந்துருவேன். இந்தத் தெருவுல ஐபோன் வச்சிருக்கது அவன் மவன் ஒருத்தன்தான். அவன் பைக்கை எடுக்கக் கொல்லைப் பக்கம் போறப்பெல்லாம் அவன் போனே ஒனக்குச் சேதி அனுப்பிரும். நீ டொரண்டோவுல இருந்து பாத்து எனக்குப் போன் போடு. பஞ்சாயத்துல ஸ்பீக்கர்ல போடுதேன்.